நார்வே மலைப்பாதைகள்: கோத்தகிரியிலிருந்து போகும் எங்களுக்கு எது பொருந்தும்?

கோத்தகிரி தேயிலை எழுதியது:

வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில் இருக்கிறேன். சிறு தேயிலை விவசாயி, வயது 58. மகள் நார்வேயில் ட்ரோன்ஹெய்ம் நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். ஜூலை கடைசியில் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். விசா வந்துவிட்டது. நகரங்களில் கடைகளைச் சுற்றுவதைவிட அந்த நாட்டு மலைகளில் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நடை எனக்குப் புதிதில்லை. தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. ரங்கசாமி மலைக்குச் சிறு வயதிலிருந்தே ஏறி வருகிறேன். வனத்துறை அனுமதியோடு முக்கூர்த்திப் பக்கமும் நடந்திருக்கிறேன். நார்வேயின் மிக உயர்ந்த சிகரமே 2,469 மீட்டர்தான் என்று படித்தேன். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதனால் எனக்குப் பயம் இல்லை. ஆனால் மகள், "அப்பா, அந்தக் கணக்கு இங்கே உதவாது" என்கிறாள். ஏன் உதவாது என்று கேட்டால் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. அவள் போய் இன்னும் ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

உறவினர்கள் எல்லாரும் ட்ரோல்துங்கா படத்தைத்தான் அனுப்புகிறார்கள். ஏரிக்கு மேலே நாக்குப்போல நீட்டிக்கொண்டு நிற்கும் பாறை. அங்கே போகலாமா, அல்லது அதைவிட நல்ல வழிகள் உண்டா? நடப்பதற்கு அங்கே யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? மனைவிக்கு இடது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது. ஏற்றம் ஏறிவிடுவாள், இறக்கம்தான் முடியாது. அவளை விடுதியில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போக மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பிங்கர்போஸ்ட் எழுதியது:

ஐயா, ட்ரோல்துங்கா கட்டாயம் போங்கள். நான் ஆகஸ்டில் போனேன். பாறையின் விளிம்பிலிருந்து கீழே இருக்கும் ஏரிக்கு 700 மீட்டர். அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. ஷெக்கெடால் வாகன நிறுத்தத்திலிருந்து போய் வர 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம் ஆகும். மேலே இன்னொரு வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அதில் இடம் குறைவு, முன்பதிவு வேண்டும். சிறிய பஸ்ஸும் மேலே போகிறது, நான் அதில்தான் போனேன். விடியலிலேயே கிளம்பிவிட்டால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தேயிலைச் சரிவில் நடக்கும் உங்கள் காலுக்கு இது முடியும்.


குன்னூர் செவிலி எழுதியது:

அண்ணா, உங்கள் மகள் சொன்னது சரி. நான் ஓட்டா என்ற சிற்றூரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். யோத்துன்ஹெய்மன் மலைகள் அங்கிருந்து பக்கம். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் அந்த மலைகளில்தான் இருந்தேன். இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். ஆனாலும் அந்தப் பாதைகளைப் பற்றி யாராவது கேட்டால் என்னால் இரண்டு வரியில் நிறுத்த முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த உயரக் கணக்கு. தொட்டபெட்டா உச்சிக்குப் பக்கத்திலேயே நமக்குச் சோலைமரம் நிற்கிறது, ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூக்கிறது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே. யோத்துன்ஹெய்மன் இருப்பது 61 டிகிரிக்கு மேலே. அங்கே 1,100 மீட்டர் தாண்டினாலே மரம் முடிந்துவிடும். பிறகு முழங்கால் உயரப் புதர், அதற்கு மேல் பாசி, அதற்கும் மேல் வெறும் கல். நீங்கள் சொன்ன 2,469 மீட்டர் சிகரத்தின் பெயர் கால்ட்ஹோப்பிக்கன். அதற்கு ஒரு பக்கத்திலிருந்து போகிறவர்கள் பனியாற்றின் மேல், ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, வழிகாட்டியின் பின்னால்தான் நடக்கிறார்கள். ஜூலையிலும் அப்படித்தான். மூச்சு வாங்குமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். காற்றும் ஈரமும் கல்லும்தான் அங்கே ஆளைச் சோதிக்கும். மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லாத முகட்டில் மழையோடு காற்று அடித்தால், ஜனவரியில் ஊட்டி உறைபனியில் வேலை செய்து பழகியவருக்கும் கை விறைத்துவிடும்.

கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பாதை மண்ணும் புல்லும். அங்கே பாறையின் வெடிப்பில் தண்ணீர் இறங்கி, உறைந்து, விரிந்து, பாறையை உடைத்துக்கொண்டே இருக்கிறது. மேசை அளவுக் கற்கள் சரிவு முழுக்கக் கொட்டிக் கிடக்கும். அவற்றின்மேல் கல்லுக்குக் கல் கால் மாற்றித்தான் போக வேண்டும், சில கற்கள் ஆடும். ஆகவே கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். அங்கே பலகையில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்புங்கள், அதற்கு மேல் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எந்த வழி என்ற கேள்வி. நான் அங்கே கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்: வண்டியோ படகோ நம்மை முதலில் தூரத்து முனையில் கொண்டுபோய் விட வேண்டும், அங்கிருந்து நாம் தங்குமிடத்தை நோக்கி நடந்து வர வேண்டும். அப்படி நடந்தால் மாலையில் கடைசிப் படகு போய்விடுமே என்ற பதற்றம் இல்லை. ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வரலாம், பாதி வழியில் உட்கார்ந்து சாப்பிடலாம், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ட்ரோல்துங்கா அப்படியல்ல. பாறைவரை போய், வந்த வழியே அதே தூரம் திரும்ப வேண்டும். தம்பி சொன்னபடி அந்த இடம் மிக அழகானது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இறக்கத்தில் முழங்கால் வலிக்கிறவரோடு போகும் குடும்பத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். கோடையில் அங்கே கால் பிசகியும் குளிரில் விறைத்தும் போகிறவர்களைத் தூக்கிவர ஓடி வருகிறவர்கள் செஞ்சிலுவைத் தன்னார்வலர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். மலையில் மீட்பதற்கு அங்கே கட்டணம் கிடையாது. பணம் வாங்காமல், தங்கள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்களை அழைக்கும் நிலை வராமல் நடப்பது நம் கடமை.

நான் உங்களுக்குச் சொல்லும் முதல் வழி பெசெக்கன் என்ற முகடு. யெண்டே என்ற நீளமான ஏரி. பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்திருப்பதால் அதன் தண்ணீர் பச்சையாக இருக்கும். ஏரியின் ஒரு முனையில் இருக்கும் யெண்டெஸ்ஹெய்மில் காலையில் படகு ஏறி, கரையில் தள்ளி இருக்கும் மெமுருபுவில் இறங்கி, முகட்டின் வழியே நடந்து யெண்டெஸ்ஹெய்முக்கே திரும்ப வேண்டும். 14 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். நடுவில் ஒரு குறுகிய முகடு வரும். இடப்புறம் பெஸ்வாட்னெட் ஏரி கருநீலமாக 1,373 மீட்டரில், வலப்புறம் யெண்டே பச்சையாக 984 மீட்டரில். இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஒரு கல் சுவர், அதன்மேல் நாம். அங்கிருந்து மேலே ஏறும்போது கையையும் ஊன்ற வேண்டும். கயிறு தேவையில்லை. ஏறி முடித்தால் 1,743 மீட்டரில் அகலமான உச்சி. நான் பல மலைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நிறங்களையும் ஒரே பார்வையில் பார்க்கும் இடத்துக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது ரோம்ஸ்டால்செக்கன். இதற்கு ஓண்டால்ஸ்னெஸ் ஊருக்குப் போக வேண்டும். ட்ரோன்ஹெய்மிலிருந்து ரயிலில் டோம்போஸ் வந்து, அங்கே ரௌமா ரயில் பிடிக்க வேண்டும். 114 கிலோமீட்டர், 1924இல் திறந்த பாதை. நம் மலை ரயிலை நேசிக்கிறவர் யாரும் அதில் கண்மூட மாட்டார்கள். ஓண்டால்ஸ்னெஸிலிருந்து பஸ் உங்களை வெங்கெடாலன் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடும். அங்கே செங்குத்தாக ஏறி, முகட்டோடு நடந்து, ஊருக்குள்ளேயே இறங்கலாம். சுமார் 10 கிலோமீட்டர்தான், ஆனால் பகல் முழுக்க வேண்டும். எதிரே ட்ரோல்வெக்கன் நிற்கும். ஐரோப்பாவிலேயே உயரமான செங்குத்துப் பாறைச்சுவர் அது, ஆயிரம் மீட்டருக்கும் மேல். கீழே ரௌமா ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போவதும் தெரியும்.

அனுமதி பற்றிக் கேட்டீர்கள். யாரிடமும் வாங்க வேண்டாம். திறந்த வெளியில் யாரும் நடக்கலாம் என்ற பழைய உரிமையை 1957இல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். கூடாரம்கூடப் போடலாம், ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். நம் ஊரில் வனக்காவலர் கூட வருகிறார், நேரமாகிவிட்டால் திரும்பச் சொல்கிறார். 2018இல் குரங்கணித் தீயில் அத்தனை உயிர்களை இழந்த பிறகு இங்கே அந்தக் கண்டிப்பு தேவைதான். அங்கே உங்களைத் தடுக்க ஒருவரும் இல்லை. கல்லில் சிவப்பு வண்ணத்தில் எழுதிய ஆங்கில டி எழுத்துதான் வழிகாட்டி. 1868இல் தொடங்கிய நார்வே மலையேற்றச் சங்கத்தின் அடையாளம் அது. மூடுபனி இறங்கும்போது அடுத்த சிவப்பு எழுத்து கண்ணில் படுகிறதா என்று பார்த்த பிறகே காலை எடுத்து வையுங்கள்.

1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பலர் இறந்த பிறகு அந்த நாட்டில் மலை விதிகள் என்று ஒன்பது வகுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட அவற்றைச் சொல்வார்கள். சரியான நேரத்தில் திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அவற்றில் ஒன்று. எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு பெரியவர், வார இறுதியில் நான் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார். தோலோடு ஒட்டிப் போடும் கம்பளி உள்ளாடை, காற்றுப் புகாத மேலாடை, கையுறை, குல்லாய், பிளாஸ்கில் சூடாக ஏதாவது. ஒன்று குறைந்தாலும் போகக்கூடாது என்பார். பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் உடம்பில் ஒட்டிக்கொண்டு சூட்டை எல்லாம் இழுத்துவிடும்.


வட்டக்கானல் வாத்தியார் எழுதியது:

சார், நான் கொடைக்கானலில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் வீட்டுக்கு ஸ்டவாங்கர் போனபோது ப்ரைக்கஸ்டூலன் மட்டும் ஏறினேன். போய் வர 8 கிலோமீட்டர், மேலே 604 மீட்டர் உயரத்தில் மேசைபோல் தட்டையான பாறை. அந்தப் பாதையின் கற்படிகளை நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் போட்டிருக்கிறார்கள். சிமெண்டே இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்திய வேலை. ஒவ்வொரு படியாக நின்று பார்த்துக்கொண்டே போனேன். லோஃபோட்டன் தீவுகளில் ரைனெப்ரிங்கன் என்ற குன்றிலும் ஏறக்குறைய 2,000 படிகள் அவர்கள் கைவேலைதான். உங்கள் பயணம் ட்ரோன்ஹெய்மை ஒட்டியே இருப்பதால் அம்மா சொன்ன வழிகளே சரி.

நான் சொல்ல வந்தது பயிற்சி பற்றி. தேயிலைச் சரிவில் நடக்கும் கால் வலுவான கால்தான். ஆனால் அது தெரிந்த மண்ணில், தெரிந்த தடத்தில் நடக்கிற கால். மாணவர்களை நான் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறக்கி அழைத்துப் போவதுண்டு. ஏறும்போது சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்தக் கல் இறக்கத்தில் பாதியிலேயே தொடை நடுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளகவி ஊருக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அது அவர்கள் வழக்கம். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் பிள்ளைகள் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்கவே கற்றார்கள்.

கிளம்புவதற்கு முந்திய வாரங்களில், முதுகில் ஐந்தாறு கிலோ சுமையோடு, கல் பாவிய இறக்கமாகப் பார்த்து இறங்கிப் பழகுங்கள். மழை பெய்கிற நாளில் வேண்டுமென்றே போங்கள். ஷூ புதிதாக வாங்கினால் இங்கேயே தேய்த்துப் பழகிக்கொள்ளுங்கள். விமானத்தில் இறங்கியதும் புது ஷூவில் மலை ஏறினால் குதிகால் கொப்பளித்துவிடும்.


கோத்தகிரி தேயிலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தம்பி தவறாக நினைக்க வேண்டாம், ட்ரோல்துங்கா இந்த முறை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். தூரத்து முனைக்கு முதலில் போய்விடுவது என்ற யோசனை மனதில் பதிந்துவிட்டது. மகளிடம் சொன்னேன், ரயில் நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

குன்னூர் அம்மாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். இந்த வழிகளில் என் மனைவிக்கு என்ன இருக்கிறது? இன்னொன்று சாப்பாடு. நாங்கள் இருவரும் சைவம். வீட்டில் நெய், பால்கோவா, பருப்புப்பொடி எல்லாம் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.


குன்னூர் செவிலி எழுதியது:

அண்ணா, நெய்யையும் பால்கோவாவையும் எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் நார்வேக்குள் கொண்டுபோகக்கூடாது. பருப்புப்பொடி, அவல், கடலை மிட்டாய், ஊறுகாய் போதும். மலைக்குடில்களில் காலை உணவு மேசையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து, காசு கொடுத்து, மதியத்துக்குக் கட்டிக்கொள்ளலாம். பிளாஸ்கையும் நிரப்பித் தருவார்கள். மேலே ஓடையில் ஓடும் தண்ணீரைக் குடிக்கலாம்.

அண்ணியைப் பற்றி உங்கள் முதல் பதிவைப் படித்ததிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓண்டால்ஸ்னெஸில் 2021 முதல் கேபிள் கார் ஓடுகிறது. ஊரிலிருந்து நெசாக்ஸ்லா என்ற மேட்டுக்கு, 700 மீட்டருக்குச் சற்று மேலே. ரோம்ஸ்டால்செக்கன் முகட்டுப் பாதை இறங்கி வருவது அந்த மேட்டுக்குத்தான். நீங்களும் மகளும் காலையில் பஸ்ஸில் வெங்கெடாலன் போங்கள். அண்ணி மதியத்துக்கு மேல் கேபிள் காரில் ஏறி மேலே வரட்டும். அங்கே உணவகம் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, கடலும் மலையும் ஆறும் ஒன்றாகத் தெரியும். முடிந்தால் முகட்டில் கொஞ்ச தூரம் ஏறி உங்களை எதிர்கொண்டும் வரலாம், ஏற்றம் அவர்களால் முடியும் என்றீர்களே. பிறகு மூவரும் கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள். அந்தக் கடைசி இறக்கம்தான் நல்ல முழங்காலையும் கெடுப்பது. கேபிள் காரின் கடைசி நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன்ஹெய்மிலிருந்து டோம்போஸ் வரும் ரயில் ஹ்யெர்கின் என்ற நிலையத்தில் நிற்கும். டோவ்ரெ ஃப்யெல் என்ற மலைப்பகுதி அங்கேதான். வாகன நிறுத்தத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மெதுவான ஏற்றம், மேலே 2011இல் கட்டிய ஒரு கண்ணாடி அறை. உள்ளே மரத்தில் வளைத்துச் செதுக்கிய இருக்கைகள், நடுவில் கணப்பு, எதிரே 2,286 மீட்டர் ஸ்னோஹெட்டா சிகரம். அண்ணி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடலாம். அந்த வெளியில் கஸ்தூரி எருதுகள் மேயும், தரையைத் தொடும் நீள முடியோடு. 200 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. தோட்டத்தில் காட்டுமாடு நிற்கும்போது விலகிச் சுற்றிப்போகத் தெரிந்த உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு கைக்கும் நடைக்கோல் வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும். இறங்கும்போது கோலை முதலில் ஊன்றி, பிறகு வலிக்கும் காலை வைக்கச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

யெண்டேயில் அண்ணி உங்களோடு படகில் மெமுருபுவரை வந்து, அங்கே குடிலில் காப்பி குடித்துவிட்டு அடுத்த படகில் திரும்பலாம். ஏரியின் நடுவிலிருந்து அந்த முகட்டைப் பார்ப்பதும் ஒரு பேறுதான். ஜூலை அவர்களுக்கு விடுமுறைக் காலம். படகுக்கும் படுக்கைக்கும் மகளை இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். முந்தின நாள் மாலையில் நார்வே வானிலைத் துறையின் முன்னறிவிப்பைப் பாருங்கள், காலையில் படகுத் துறையிலும் கேளுங்கள். மேலே காற்று பலமென்றால் முகட்டை விட்டுவிடுங்கள். மெமுருபுவிலிருந்து ஏரிக்கரையை ஒட்டி இன்னொரு பாதை யெண்டெஸ்ஹெய்முக்கு வருகிறது, மூன்று நான்கு மணி நேரம். அது மரங்களுக்கு நடுவே, தண்ணீரின் பக்கத்திலேயே போகும்.